பட்டுப் புடவையைப் பீரோவுக்குள் காப்பாற்றுவது எப்படி

என் தாயாரின் முகூர்த்தப் புடவையை அவருடைய திருமணத்துக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து நான் விரித்துப் பார்த்தபோது, மடிப்பு விழுந்த இடங்களிலெல்லாம் பட்டு நேர்கோட்டில் கீறிவிட்டிருந்தது. சரிகைக் கரை முழுவதும் கறுத்திருந்தது. அவர் அந்தப் புடவையை ஏழெட்டு முறைக்கு மேல் உடுத்தியதில்லை. கடையில் கொடுத்த நெகிழி உறையிலேயே போட்டு, ரப்பர் வளையம் மாட்டி, இரண்டு அந்துருண்டைகளை உள்ளே இட்டு, எதுவும் அணுகாத இடம் என்று நம்பிப் பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தார். அன்று முதல் என் கருத்து இதுதான்: நல்ல பட்டு உடுத்துவதால் அழிவதைக் காட்டிலும், வைத்திருக்கும் முறையால் அழிவதே அதிகம். எனவே இந்தக் கட்டுரையில் துவைப்பதைவிட எடுத்து வைப்பதைப் பற்றியே மிகுதியாக எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் பொருள் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பட்டு நம் தலைமுடியைப் போலவே புரதத்தால் ஆன இழை. முடிக்கு எவையெல்லாம் ஆகாதோ, அதாவது சலவைச் சோடா, காரமான சோப்பு, கொதிநீர், நெடுநேர வெயில் ஆகியவை, பட்டுக்கும் ஆகா. குளோரின் கலந்த வெளுப்பான்கள் பருத்தியில் கறையைப் போக்கும்; பட்டிலோ அவை இழையையே அரித்து மஞ்சளாக்கிவிடும். சரிகை வேறு வகையைச் சேர்ந்தது. காஞ்சிபுரத்து அசல் சரிகை என்பது சிவப்புப் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் மெல்லிய தங்க முலாம் பூசியது. ஆகவே சரிகைக்கு வரும் நோய்கள் வெள்ளிப் பாத்திரத்துக்கு வரும் நோய்களேயாம். மூன்றாவதாக, உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்த கோர்வைப் புடவைகளில் ஒரு நிறம் இன்னொன்றின் மேல் இறங்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. புரதம், வெள்ளி, சாயம் ஆகிய இம்மூன்றையும் நினைவில் கொண்டால் பின்வரும் குறிப்புகளின் காரணம் தானே விளங்கும்.

உங்களிடம் இருப்பது அசல் பட்டுதானா என்ற ஐயம் இருந்தால், தலைப்பின் ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை எடுத்து எரித்துப் பாருங்கள். பட்டு, முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக உறையும். புதிதாக வாங்குவோர் மத்தியப் பட்டு வாரியத்தின் முன்முயற்சியில் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சில்க் மார்க் சீட்டைப் பார்த்து வாங்கலாம். ஆயினும் அந்தச் சீட்டு பட்டுக்கு மட்டுமே உறுதி கூறுகிறது, சரிகைக்கு அன்று. சரிகையின் தரத்தைக் கடைக்காரரிடம் தனியாகக் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

உடுத்தும் நாளில்

எண்ணெய், முகப்பூச்சு, பவுடர், அத்தர் எல்லாவற்றையும் முடித்து, அவை உலர்ந்த பிறகே பட்டைக் கையில் எடுக்க வேண்டும். வாசனைத் தெளிப்பானில் உள்ள சாராயம் சாயத்தைக் கரைத்து வட்ட வட்டமாகத் திட்டு விடும். சரிகையையும் மங்கச் செய்யும். வியர்வையைத் தடுக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்புகள் இரவிக்கையின் அக்குளில் பட்டு இழையைத் தளர்த்துகின்றன. அத்தகைய பூச்சைப் பயன்படுத்துவோர், இரவிக்கைக்குள் அக்குள் பகுதியில் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டால், இரவிக்கையைப் பலமுறை துவைக்க வேண்டிய தேவையே எழாது.

தோளில் ஊக்குக் குத்துவதால் கிழிந்த புடவைகள் ஏராளம். கனமான முந்தானையின் எடை முழுவதும் ஒரே ஊசித்துளையில் இறங்குவதுதான் காரணம். இரவிக்கையின் உட்புறத்தில், ஊக்குக் குத்தும் இடத்தில், இரண்டு விரல் அகலமுள்ள துணித்துண்டை மடித்து வைத்துக் குத்தினால் இழுவை பரவிவிடும். ஊக்கின் சுருள் முனையில் இழை சிக்கிக்கொள்ளாமலிருக்க, ஒரு சிறு மணியை ஊக்கில் கோத்துச் சுருள்வரை தள்ளிவிட்ட பின் குத்தலாம். துருப்பிடித்த ஊக்கைப் பட்டின் அருகில் கொண்டுவரவே கூடாது. துருக்கறையை வீட்டில் எதனாலும் பட்டிலிருந்து எடுக்க முடியாது.

கீழ் ஓரத்தில் ஃபால்ஸ் வைத்துத் தைப்பது அவசியம். ஆனால் ஃபால்ஸ் துணியை முதலில் நீரில் ஊறவைத்து உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே தைக்கக் கொடுங்கள். அவ்வாறு செய்யாவிட்டால், முதல் ஈரத்திலேயே பருத்தி சுருங்கி, கரை முழுவதும் சுருக்கம் விழும். எத்தனையோ அழகான கரைகள் இந்தச் சிறு கவனக்குறைவால் அலை அலையாக நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

திருமண வீட்டில் இன்னொரு ஆபத்து வாழை. வாசலில் கட்டிய மரத்தின் பால், பந்தி இலையின் நரம்பு, பூச்சரத்தைக் கட்டிய ஈர நார் இவையெல்லாம் பட்ட உடனே நிறமற்றுத் தெரியும். காற்றுப்பட்டுச் சில மணி நேரத்தில் பழுப்பாகி நிலைத்துவிடும். வாழைக்கறை போகாது என்று பெரியவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. பந்தியில் அமரும்போது மடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்வதும், சரத்தைச் சூடும் முன் ஈரத்தை ஒற்றி எடுப்பதும் தவிர வேறு மருந்து இல்லை.

கழற்றிய இரவு

களைப்போடு வீடு திரும்பிய இரவில் புடவையை மடித்து நேரே பீரோவில் வைப்பதுதான் பெரும்பாலான கேடுகளுக்குத் தொடக்கம். உடல் வெப்பமும் வியர்வையும் இழைக்குள் இருக்கின்றன. வியர்வையின் உப்பு சரிகையைக் கறுக்கச் செய்யும். உணவும் வியர்வையும் பட்ட பட்டையே அந்துப்பூச்சியின் புழுக்கள் நாடி வரும். ஆகவே கொடியின் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் புடவையை அகலமாகத் தொங்கவிட்டு, வெயில் படாத அறையில் மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். அதற்கு மேல் பல நாள்கள் தொங்கவிட வேண்டாம். சரிகையின் எடை பட்டைக் கீழே இழுக்கும்.

மறுநாள் பகல் வெளிச்சத்தில் புடவையை ஒரு முறை முழுவதும் பார்வையிடுங்கள். இடுப்பில் செருகிய பகுதி, கொசுவத்தின் அடி, முந்தானையின் நுனி ஆகிய மூன்று இடங்களில்தான் அழுக்கும் கறையும் பெரும்பாலும் இருக்கும். கறை இல்லையென்றால், வியர்வை அதிகம் படவில்லையென்றால், துவைக்கவோ டிரை வாஷுக்கு அனுப்பவோ தேவையில்லை. ஒவ்வொரு முறை உடுத்திய பின்பும் சலவைக்குக் கொடுப்பது பட்டுக்கு நன்மை செய்வதாகாது.

கறைகள்

எல்லாக் கறைகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. நனைந்த பட்டு, உலர்ந்த பட்டைவிட வலுக்குறைந்தது. அந்த நிலையில் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பு இழைகள் சிதைந்து, அவ்விடம் வெளிறிய திட்டாக நின்றுவிடும். கறை போன பின்னும் அந்தத் திட்டுப் போகாது.

எண்ணெயோ நெய்யோ பட்டால் தண்ணீரைத் தொடாதீர்கள். முகத்துக்குப் போடும் வெள்ளைப் பவுடரைக் கறையின் மேல் தாராளமாகத் தூவி, அடியிலும் மேலும் வெள்ளைப் பருத்தித் துணி வைத்து, ஓர் இரவு அப்படியே விட்டால், எண்ணெயின் பெரும்பகுதியைப் பவுடர் உறிஞ்சிவிடும். காலையில் மென்மையான துணியால் தட்டி எடுத்து, தேவையானால் மீண்டும் ஒரு முறை செய்யலாம். இதற்குக் கடலை மாவைப் பயன்படுத்தும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அதிலேயே எண்ணெய்ச் சத்து இருக்கிறது, இழைகளுக்கிடையில் தங்கும் மாவு பூச்சிகளுக்கு உணவாகவும் ஆகும்.

காபி, பாயசம், பழச்சாறு போன்றவை பட்டவுடன் உலர்ந்த துணியால் ஒற்றி, பிறகு குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியால் வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக ஒற்றிக்கொண்டே வர வேண்டும். வெந்நீர் ஊற்றினால் பாலின் புரதம் இழையோடு இறுகிவிடும். சந்தனத்தை நன்றாக உலரவிட்டு உதிர்ப்பதே வழி.

மஞ்சளையும் குங்குமத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சளின் நிறப்பொருள் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இந்தப் பண்பைக் கொண்டுதான். எனவே மஞ்சள் கறையின் மேல் சோப்பைப் போட்டவுடன் அது செங்கறையாக மாறுவதைக் கண்டு பதற்றப்பட்டு மேலும் தேய்ப்பது வழக்கமாக நடக்கிறது. உலர்ந்த குங்குமம் சிந்தினால் கையால் தட்டாமல் துணியை நிமிர்த்தி உதறி, மீதியை ஊதி அகற்றுங்கள். ஈரக்கை பட்டால் அது சாயமாகிவிடும். பருத்தி வேட்டியில் பட்ட மஞ்சளை, துவைத்து வெயிலில் உலர்த்தினாலே வெயில் வெளுத்துவிடும். பட்டில் அந்த வழி இல்லை, ஏனெனில் மஞ்சளை வெளுக்கும் வெயில் புடவையின் சாயத்தையும் சேர்த்து வெளுக்கும். இந்தக் கறையை மட்டும் சலவைக் கடைக்கே விட்டுவிடுங்கள். கொடுக்கும்போது கறை எங்கே, எதனால் வந்தது என்பதைச் சொல்லி, நூலால் அடையாளமிட்டுக் கொடுங்கள்.

துவைப்பு

கனமான சரிகை வேலைப்பாடு உள்ள புடவையையும், கோர்வைப் புடவையையும், இன்னும் ஒருமுறைகூட நனையாத புடவையையும் வீட்டில் துவைக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. அவற்றை டிரை வாஷுக்குக் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நெகிழி உறையைக் கழற்றி, கரைப்பானின் நெடி போகும்வரை காற்றாட விட்ட பிறகே பீரோவில் வைக்க வேண்டும். புடவையைப் பளபளப்பாகக் காட்ட ரோல் பாலிஷ் போடும்போது சில இடங்களில் விறைப்புக்காகப் பசை சேர்ப்பதுண்டு. உடனே உடுத்தப் போவதாக இருந்தால் அதில் தவறில்லை. நெடுநாள் வைக்கப் போகும் புடவைக்குப் பசை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரிகை குறைந்த, ஒரே நிறமுள்ள மெல்லிய பட்டை வீட்டிலேயே அலசலாம். முதலில் உள்மடிப்பின் ஓர் ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் நீரில் போடாதீர்கள். நிறம் ஏறவில்லையெனில், விதை நீக்கிய எட்டுப் பத்துப் பூந்திக்கொட்டைகளை அரை லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பிசைந்து, துணியில் வடிகட்டி, அரை வாளிக் குளிர்ந்த நீரில் கலந்துகொள்ளுங்கள். பூந்திக்கொட்டையின் நுரை காரமற்றது. பட்டின் தன்மைக்கு இணங்கியது. ஆனால் அந்த நீர் பழுப்பு நிறமுடையது என்பதால், வெள்ளைக்கும் சந்தன நிறத்துக்கும் உதவாது. அவற்றுக்குப் பட்டுக்கென்றே விற்கும் திரவ சோப்பு போதும். புடவையை நீரில் முக்கி எடுத்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஊறவிடாமல், மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள்.

கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று பலரும் சொல்வார்கள். இன்றைய பட்டுச் சாயங்கள் வீட்டு வாளியில் போடும் உப்பால் நிலைப்பதில்லை. உப்பு நீரில் சரிகைதான் கறுக்கும். பிழிவதும் கூடாது. அகலமான பருத்தித் துண்டின் மேல் புடவையை விரித்து, பாய் சுருட்டுவது போல் சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் நீர் இறங்கிவிடும். பிறகு உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டும்; கிளிப் மாட்டினால் அதன் தடம் தங்கும்.

இஸ்திரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குறைந்த சூடு, உட்புறம், நடுவில் ஒரு பருத்தித் துணி, இவ்வளவே. நீர் தெளித்தால் திட்டு விழும். சரிகையின் மேல் பெட்டியை நேராக வைக்காதீர்கள்.

பீரோவுக்குள்

சரிகை கறுப்பதற்கு முதற் காரணம் கந்தகம். காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து கறுப்புப் படலமாகப் படிகிறது. ரப்பரை இறுகச் செய்யக் கந்தகம் சேர்ப்பதால், ரப்பர் வளையம் பட்ட இடம் கோடு கோடாகக் கறுக்கும். கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு, ஆதலால் சால்வையையும் பட்டையும் ஒரே அடுக்கில் வைக்க வேண்டாம். கறுத்த சரிகையை வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியாலோ திருநீற்றாலோ பற்பசையாலோ துலக்க முயல்வோர் உண்டு. குத்துவிளக்கு முழுவதும் வெள்ளி. சரிகையில் இருப்பதோ மிக மெல்லிய முலாம், ஒரே தேய்ப்பில் அது போய்விடும்.

கடையில் தரும் நெகிழி உறையும் அட்டைப் பெட்டியும் வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு மட்டுமே. நெகிழி ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். அட்டையிலும் செய்தித்தாளிலும் உள்ள அமிலமும் மையும் துணியைப் பழுப்பாக்கும். பழைய வெள்ளை வேட்டியைக் கஞ்சியோ நீலமோ இடாமல் துவைத்து, நன்றாக உலர்த்தி, ஒரு புடவைக்கு ஒரு துண்டாக வெட்டி உறையிடுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. கஞ்சி வேண்டாம் என்பதற்குக் காரணம் ராமபாணப் பூச்சி. மாவுச் சத்தும் பசையுமே அதற்கு விருப்ப உணவு. மொடமொடவென்று கஞ்சியிட்ட பருத்திப் புடவைகளைப் பட்டின் அருகே அடுக்கினால், அதைத் தேடி வரும் பூச்சி பட்டையும் விட்டுவைக்காது.

அந்துருண்டை குறித்து நான் உறுதியாகவே எழுத விரும்புகிறேன். அது நாப்தலின் என்னும் வேதிப்பொருள். திண்ம நிலையிலிருந்து நேரே ஆவியாகிப் பீரோவெங்கும் பரவி, மடிப்புக்குள் எல்லாம் ஊடுருவும். புடவை மடிப்புக்குள் உருண்டையை நேராக வைத்தால் திட்டு விழும். அதனோடு கற்பூரத்தையும் சேர்த்துப் போட்டால் கேடு இரட்டிப்பாகும். தனித்தனியே இரண்டும் எளிதில் உருகாதவை. நாப்தலின் 80 பாகை செல்சியஸில்தான் உருகும். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் உருகுநிலை பெரிதும் தாழ்ந்து, நம் ஊர்க் கோடை வெப்பத்திலேயே எண்ணெய் போல உருகித் துணியில் இறங்கிவிடும்.

இதைவிடக் கவலைக்குரியது கைக்குழந்தை. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையையும் இரத்தச் சோகையையும் உண்டாக்கும். பெயர் சூட்டும் நாளன்று காலையில் பீரோவிலிருந்து எடுத்த, உருண்டை நெடி வீசும் பட்டை உடுத்திக்கொண்டு பச்சைக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்வதோ, அந்த நெடியுள்ள துணியில் குழந்தையைச் சுற்றுவதோ ஆபத்து. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். சிறுவர்கள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு.

அதற்கு மாற்றாக நம் வீடுகளில் நெடுங்காலமாக வைத்துவந்தது வசம்பு. உலர்ந்த வசம்புத் துண்டுகளைச் சிறு துணியில் முடிந்து தட்டின் மூலைகளில் வைக்கலாம். கிராம்பும், நிழலில் உலர்த்திய நொச்சி, வேப்பிலைகளும் அவ்வாறே. இலையில் சிறிதும் ஈரம் இருக்கக் கூடாது. எந்த முடிச்சும் துணியை நேராகத் தொடக் கூடாது. மணம் குறைந்ததும் மாற்ற வேண்டும். இவை பூச்சியை வரவிடாமல் ஓரளவு தடுக்கும், ஏற்கெனவே வந்துவிட்ட புழுவைக் கொல்லமாட்டா. ஆகவே அழுக்கில்லாத துணியை மட்டுமே உள்ளே வைப்பதுதான் அடிப்படை.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பீரோவை அடிக்கடி திறக்காதீர்கள். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். புதிய காலணி, கைப்பைகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்து தட்டுக்கு இரண்டாக இடுங்கள். மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு, காற்று உலர்ந்த ஒரு பகலில் எல்லாப் பட்டையும் வெளியே எடுத்து, நிழலில் விரித்து, அரைநாள் காற்றாட விட வேண்டும்.

அன்றே மடிப்பையும் மாற்றிவிடுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காக இருக்கும் பட்டு, அந்த விளிம்பில் முறியும். சரிகையும் அங்கேயே ஒடியும். மூன்று அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, பழைய மடிப்புக்கும் புதிய மடிப்புக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி, சரிகை உட்புறம் அமையுமாறு மடிக்க வேண்டும். மடிப்பின் வளைவுக்குள் ஒரு வெள்ளைத் துணிச் சுருளை வைத்தால் விளிம்பு கூராகாது. கனமான புடவையை அடியிலும் மெல்லியதை மேலேயும் அடுக்குங்கள். ஒவ்வோர் உறையின் மேலும் எந்தப் புடவை, கடைசியாக எப்போது மடிப்பு மாற்றினோம் என்பதை ஒரு சீட்டில் எழுதி நூலால் கட்டிவைத்தால், எல்லாவற்றையும் கலைத்துத் தேட வேண்டியிராது.

ஏற்கெனவே கீறத் தொடங்கிய பழம்புடவை

மடிப்பில் கீறிய பட்டைத் தையலால் இழுத்துச் சேர்க்காதீர்கள். இழை நைந்திருப்பதால் தையல் துளைகளிலிருந்தே மறுபடி கிழியும். கீறல் சிறிதாக இருந்தால், பின்புறம் அதே நிறத்தில் மெல்லிய வலைத்துணியை வைத்துக் கீறலுக்கு வெளியே, நல்ல இழை உள்ள இடத்தில் தைத்துப் பிடிக்கலாம். டார்னிங் செய்பவரிடம் கொடுப்பதானால், புடவையின் உள்ஓரத்திலிருந்து எடுத்த அதே இழையால் செய்யச் சொல்லுங்கள். உடல் பகுதி முழுவதும் நைந்து, கரையும் முந்தானையும் மட்டும் உறுதியாக இருந்தால், அவற்றைப் பிரித்துப் புதிய பட்டில் வைத்துத் தைக்கலாம். பேத்திக்குப் பாவாடையாகவும் ஆக்கலாம். பழைய சரிகையை எடைக்கு வாங்க வருவோரிடம் கொடுக்க நினைத்தால், அதில் வெள்ளி எவ்வளவு தேறும் என்பதை வேறோர் இடத்தில் கேட்டறிந்த பின் கொடுங்கள்.

என் தாயாரின் புடவையில் முந்தானை மட்டுமே தேறியது. அதற்கு வலைத்துணி பிடித்து, இனி மடிக்கவே வேண்டாம் என்பதால், வேட்டித் துணி சுற்றிய தடித்த அட்டைக் குழலில் சரிகை வெளிப்புறமாக இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி வைத்திருக்கிறேன். உடுத்த முடியாத அளவுக்குப் பழுத்த பட்டு எதுவானாலும் இப்படிச் சுருட்டி, மேலே இன்னொரு துணி சுற்றி, இரு முனைகளிலும் அகலமான நாடாவால் இறுக்கமின்றிக் கட்டி, பீரோவின் தட்டில் அதன்மேல் வேறெதுவும் அழுத்தாதபடி கிடத்தி வையுங்கள்.